ஆர்டர் ஆயிரம், டெலிவரி எப்போது?
விமானக் கண்காட்சி: வாசகர் கேள்வி – பதில்

பாரிஸ், ஃபார்ன்பரோ, துபாய் போன்ற பெரிய விமானக் கண்காட்சிகளில் விமானத் தயாரிப்பாளர்களும் விமான நிறுவனங்களும் எதைப் பெறுகிறார்கள், எதை இழக்கிறார்கள் என்று கேட்டு வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்.

கேள்வி: ஒவ்வொரு கண்காட்சி முடிந்ததும் ‘ஏர்பஸ் இத்தனை, போயிங் இத்தனை’ என்று கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி போடுகிறார்கள். இதை நம்பலாமா?

பதில்: ஸ்கோர் பொய்யில்லை. ஆனால் ஒன்றோடொன்று கூட்டக்கூடாத நான்கைந்து வகைச் சரக்கைக் கூட்டி வந்த எண் அது.

அடிமட்டத்தில் இருப்பது ‘வாங்க எண்ணியிருக்கிறோம்’ என்ற கடிதம், அல்லது புரிந்துணர்வு ஒப்பந்தம். பெரும்பாலும் இதை வைத்துக்கொண்டு யாரும் நீதிமன்றம் போக முடியாது. பணம் கைமாறினாலும் அது திரும்பக் கிடைக்கக்கூடிய சிறு தொகை. அதற்கு மேல்படி உறுதி ஆர்டர். அதற்கு இயக்குநர் குழுவின் ஒப்புதல் வேண்டும், தடித்த ஒப்பந்தம் கையெழுத்தாக வேண்டும், முன்பணம் போக வேண்டும். எந்த ஆண்டு, எந்த மாதம் எத்தனை விமானம் என்ற அட்டவணையும் அதில் இருக்கும்.

பக்கவாட்டில் இன்னும் இரண்டு உண்டு. ‘ஆப்ஷன்’ என்றால் விலையும் டெலிவரி மாதமும் உங்கள் பெயரில் ஒதுக்கப்பட்டிருக்கும். வேண்டுமா வேண்டாமா என்பதைக் குறிப்பிட்ட தேதிக்குள் சொல்ல வேண்டும். ‘வாங்கும் உரிமை’ என்றால் விலைக்கான விதிகள் மட்டும் உறுதி. எந்த மாதம் கிடைக்கும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. கண்காட்சி அறிக்கையில் உறுதி ஆர்டர், ஆப்ஷன், வாங்கும் உரிமை மூன்றும் ஒரே வாக்கியத்தில் வரும். அவசரத்தில் தலைப்பு எழுதுபவர் மூன்றையும் கூட்டிவிடுவார்.

ஓர் உதாரணம். 2019 ஜூன், பாரிஸ். இரண்டு விபத்துகளுக்குப் பிறகு போயிங் 737 மேக்ஸ் உலகமெங்கும் தரையில் நின்றுகொண்டிருந்த நேரம். பிரிட்டிஷ் ஏர்வேஸின் தாய் நிறுவனமான ஐஏஜி, 200 மேக்ஸ் விமானங்களை வாங்க எண்ணக் கடிதம் கொடுத்தது. பட்டியல் விலையில் (தயாரிப்பாளர் வெளியிடும், தள்ளுபடி கழிக்காத விலை) 24 பில்லியன் டாலருக்கு மேல். அந்த வாரத்தின் பெரிய செய்தியே அதுதான். மூன்று ஆண்டுகள் கழித்து, 2022-இல் அது உறுதியானபோது எண்ணிக்கை 50. கூடவே 100 ஆப்ஷன். போயிங்குக்கு அது நஷ்டம் என்று சொல்ல முடியாது. யாரும் தொடத் தயங்கிய விமானத்துக்கு ஒரு பெரிய வாடிக்கையாளர் தந்த சான்றிதழ் அது, விற்பனையைவிட அதற்குத்தான் மதிப்பு அதிகம். ஆனால் 200 என்று எழுதி வைத்தவர்கள் கணக்கைத் திருத்த வேண்டியிருந்தது.

இன்னொரு வித்தையும் உண்டு. தயாரிப்பாளரின் ஆர்டர் புத்தகத்தில் ‘பெயர் வெளியிடாத வாடிக்கையாளர்’ என்று ஒரு வரி எப்போதும் இருக்கும். பிப்ரவரியில் கையெழுத்தான ஆர்டர் அந்தப் பெயரில் பதிவாகியிருக்கும். ஜூனில் கண்காட்சி மேடையில் பெயரை மட்டும் திறந்து காட்டுவார்கள். கைதட்டல் புதிது, ஆர்டர் பழையது. அதேபோல, ஏற்கெனவே வாங்கிய சிறிய ரகத்தைப் பெரிய ரகமாக மாற்றிக்கொள்வதும் மேடையேறும். அதில் ஒரு விமானம்கூடக் கூடுவதில்லை.

சரிபார்க்க எளிய வழி, ஒரு மாதம் பொறுப்பது. ஏர்பஸ், போயிங் இரண்டுமே மாதந்தோறும் ஆர்டர், டெலிவரிப் பட்டியலைத் தங்கள் தளத்தில் வெளியிடுகின்றன. அதில் வாடிக்கையாளர் பெயரைத் தேடுங்கள். இல்லையென்றால் அது இன்னும் கடிதமாகவே இருக்கிறது. இருந்தால், மொத்த ஆர்டரா, ரத்துகளைக் கழித்த நிகர ஆர்டரா என்று பாருங்கள். போயிங் இன்னொரு படி கீழேயும் போகிறது. ஒப்பந்தம் உயிரோடு இருந்தாலும் வாங்குபவரின் நிதிநிலை சந்தேகமாக இருந்தால், கணக்கியல் விதிப்படி அந்த விமானங்களைத் தனியாக ஒதுக்கிக் காட்டும். எங்கள் பார்வையில் அந்த வரிதான் மிக நேர்மையான வரி.

கேள்வி: ‘38 பில்லியன் டாலர் ஒப்பந்தம்’ என்றெல்லாம் செய்தி வருகிறது. உண்மையில் அவ்வளவு பணமா கைமாறுகிறது?

பதில்: இல்லை. நீங்கள் சொல்வது 2025 நவம்பரில் துபாயில் எமிரேட்ஸ் 65 போயிங் 777-9 விமானங்களுக்கு அறிவித்த தொகை. அது பட்டியல் விலை. பெரிய வாடிக்கையாளர் யாரும் பட்டியல் விலை கொடுப்பதில்லை. அதிகம் விற்கும் ஒற்றை நடைவழி விமானங்களில் பாதி வரை தள்ளுபடி போவது இந்தத் தொழிலில் சாதாரணம். ஏர்பஸ் 2018-க்குப் பிறகு பட்டியல் விலையை வெளியிடுவதையே நிறுத்திவிட்டது. அந்தக் கடைசிப் பட்டியலில் ஒரு ஏ320நியோ 110.6 மில்லியன் டாலர். 2023 பாரிஸில் இண்டிகோ அறிவித்த 500 விமானங்களை அதே விலையால் பெருக்கினால் 55 பில்லியன் வரும். உண்மைத் தொகை அதில் பாதிக்குப் பக்கத்தில் இருந்தால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

பணம் போகும் வழி இது. கையெழுத்தின்போது விலையில் ஒரு சதவீதம் அளவுக்கு முன்பணம். பிறகு நீண்ட அமைதி. டெலிவரிக்குச் சுமார் 24 மாதம் இருக்கும்போது தவணை தொடங்கும். 18 மாதம், 12 மாதம், 6 மாதம் என்று படிப்படியாகப் போய், விமானம் கையில் வருவதற்கு முன்பே விலையில் ஐந்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ கட்டியாகிவிடும். ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் இந்த விகிதம் மாறும். இந்தத் தவணையைப் பல நிறுவனங்கள் வங்கிக் கடனில்தான் கட்டுகின்றன. இன்னும் பிறக்காத விமானத்தின் மீதான உரிமைதான் அந்தக் கடனுக்கு அடமானம். மீதித் தொகை டெலிவரி நாளில் மொத்தமாகப் போகும். பணம் வங்கியில் விழுந்தது உறுதியான பிறகே உரிமைப் பத்திரம் கைமாறும்.

வெளியே பேசப்படாத விஷயம் விலையேற்றச் சூத்திரம். இன்று பேசிய விலை இன்றைய டாலரில். டெலிவரி எட்டு ஆண்டு கழித்து என்றால், இடைப்பட்ட ஆண்டுகளின் அமெரிக்கக் கூலி, மூலப்பொருள் குறியீடுகளின்படி விலை ஏறும். கணக்குக்காக, 50 மில்லியன் டாலருக்குப் பேசிய விமானம் ஆண்டுக்கு 3 சதவீதம் ஏறினால் எட்டாவது ஆண்டில் 63 மில்லியனைத் தாண்டும். ஆகவே, சாமர்த்தியமான நிறுவனம் தள்ளுபடி சதவீதத்துக்காகச் சண்டை போடுவதோடு நிற்காது. ஆண்டு ஏற்றத்துக்கு ஓர் உச்சவரம்பு வைக்கும்படி கேட்டு வாங்கும். பணவீக்கம் உயர்ந்த ஆண்டுகளில் அந்த ஒரு பிரிவு, பேசி வாங்கிய தள்ளுபடியைவிட அதிகம் மிச்சப்படுத்தும்.

கேள்வி: 2025 பாரிஸ் கண்காட்சியில் போயிங் படுதோல்வி என்று படித்தோம். காரணம் என்ன?

பதில்: தோல்வி இல்லை. ஒதுங்கியிருந்தது. கண்காட்சி தொடங்க நான்கு நாள் இருக்கையில், ஜூன் 12 அன்று, ஆமதாபாத்தில் ஏர் இந்தியாவின் போயிங் 787-8 விழுந்தது. போயிங் தலைமை நிர்வாகி கெல்லி ஆர்ட்பர்க் பாரிஸ் பயணத்தை ரத்து செய்தார். அந்த வாரத்தில் மேடையேறி ஆர்டர் கொண்டாடுவது எந்த நிறுவனத்துக்கும் அழகில்லை. வாங்குபவர்களுக்கும் அது தெரியும்.

இரண்டாவது, போயிங் தன் பெரிய வேட்டையை மே மாதமே முடித்திருந்தது. கத்தார் ஏர்வேஸ் 130 எண்ணிக்கையில் 787, 30 எண்ணிக்கையில் 777-9 என 160 விமானங்களை உறுதியாகவும் 50-ஐ ஆப்ஷனாகவும் வாங்க ஒப்பந்தம் போட்டது. அமெரிக்க அதிபரின் தோஹா பயணத்தின்போது கையெழுத்தானது அது. அரசியல் மேடை கிடைக்கும்போது கண்காட்சி மேடைக்கு யார் காத்திருப்பார்கள்?

பாரிஸில் ஏர்பஸ்ஸுக்கு வந்தவை சிறப்பானவை என்பதை மறுக்கவில்லை: ரியாத் ஏர் 25 ஏ350-1000, போலந்தின் லாட் நிறுவனம் 40 ஏ220, வியட்ஜெட் 100 ஏ321நியோவுக்குப் புரிந்துணர்வு. ஆனால் ஆண்டுக் கணக்கை மூடியபோது நிகர ஆர்டரில் போயிங்தான் முன்னால் நின்றது. டெலிவரியில் ஏர்பஸ் 793, போயிங் 600. ஜூனில் ஜெயித்தவர் யார், டிசம்பரில் ஜெயித்தவர் யார், கல்லாப்பெட்டியில் ஜெயித்தவர் யார் என்று மூன்று கேள்வி கேட்டால் ஒரே பதில் வராது. தயாரிப்பாளருக்குப் பெரும்பணம் டெலிவரி நாளில்தான் வருகிறது என்பதால் நாங்கள் மூன்றாவதைத்தான் முதலில் பார்ப்போம்.

கேள்வி: மாதக்கணக்கில் பேசி முடிவான ஒப்பந்தத்தைக் கண்காட்சியில் அறிவிப்பது வெறும் விளம்பரத்துக்குத்தானா?

பதில்: பாதி விளம்பரம். மீதிப் பாதி, எல்லோரும் ஒரே இடத்தில் இருப்பது. விமான நிறுவனத் தலைவர், எஞ்சின் தயாரிப்பாளர், குத்தகை நிறுவனம், வங்கி, சீட் செய்பவர் என எல்லோரும் ஓடுபாதை ஓரத்து விருந்தினர் குடில்களில் அடுத்தடுத்து உட்கார்ந்திருப்பார்கள். எஞ்சின் விலையில் கடைசி இழுபறி என்றால் பத்து நிமிட நடையில் தீர்த்துவிடலாம். கண்காட்சித் தேதியே ஒரு கெடுவாகவும் வேலை செய்கிறது. ‘திங்கட்கிழமை காலை அறிவிக்க வேண்டும்’ என்ற அழுத்தத்தில் விற்பவர் இறங்கி வருவார் என்பது வாங்குபவருக்குத் தெரியும். அதனால்தான் சில நிறுவனங்கள் பேச்சை வேண்டுமென்றே கண்காட்சி வரை இழுக்கும்.

இழுக்கும்போது கயிறு அறுவதும் உண்டு. 2017 துபாய் கண்காட்சியின் முதல் நாள். எமிரேட்ஸின் செய்தியாளர் கூட்டத்தில் உலகின் மிகப்பெரிய பயணிகள் விமானமான ஏ380-க்கு ஆர்டர் வரும் என்று ஏர்பஸ் ஆட்களும் நிருபர்களும் எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். வந்தது 40 போயிங் 787-10 அறிவிப்பு. வெண்ணெய் திரண்ட நேரத்தில் தாழி உடைந்த கதை. ஏ380 ஒப்பந்தம் 2018 ஜனவரியில்தான் வந்தது: 20 உறுதி, 16 ஆப்ஷன். அதுவும் நிலைக்கவில்லை. 2019 பிப்ரவரியில் எமிரேட்ஸ் தன் ஏ380 ஆர்டரில் 39-ஐக் குறைத்தது. அதோடு ஏர்பஸ் அந்த விமானத் திட்டத்தையே முடித்துக்கொண்டது. கடைசி ஏ380 டெலிவரி 2021 டிசம்பரில். வேடிக்கை என்னவென்றால், அன்று மேடையேறிய 40 போயிங் 787-10 ஆர்டரும் அப்படியே நிறைவேறவில்லை. 2019 துபாய் கண்காட்சியில் அது 30 போயிங் 787-9 ஆக மாறியது.

கேள்வி: பெரிய ஆர்டர் கொடுக்கும் நிறுவனம் பலமானது என்று எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: 2005 பாரிஸ் கண்காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே வாரம், ஒரே நாட்டிலிருந்து இரண்டு புதிய நிறுவனங்கள். கிங்ஃபிஷர் பறக்கத் தொடங்கி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. அது ஐந்து ஏ380, ஐந்து ஏ350, ஐந்து ஏ330 அறிவித்தது. இண்டிகோ இன்னும் ஒரு விமானம்கூட இயக்கத் தொடங்கவில்லை. அது 100 ஏ320 அறிவித்தது. அன்று படம் பெரிதாக வந்தது உலகின் மிகப்பெரிய பயணிகள் விமானத்தை வாங்கியவருக்குத்தான்.

கிங்ஃபிஷருக்கு ஓர் ஏ380-கூட வரவில்லை. 2012 அக்டோபரில் அதன் சேவையே நின்றுவிட்டது. இண்டிகோவின் நூறாவது விமானம் 2014-இல் வந்து சேர்ந்தது.

வித்தியாசம் ஆர்டரின் அளவில் இல்லை, அதன் வடிவத்தில் இருக்கிறது. மூன்று ரகம் வாங்கினால் விமானிக்கு மூன்று உரிமம், பராமரிப்புக்கு மூன்று வகை உதிரிபாகக் கிடங்கு, பயிற்சிக்கு மூன்று சிமுலேட்டர். ஒரு ரக விமானம் பழுதானால் இன்னொரு ரகத்தின் குழுவை அதில் ஏற்ற முடியாது. ஒரே ரகத்தில் நூறு என்றால் எந்த விமானியும் எந்த விமானத்திலும் ஏறலாம். ஐந்து விமானத்துக்குக் கிடைக்காத தள்ளுபடி நூறுக்குக் கிடைக்கும். ஆகவே, கண்காட்சி அறிக்கையில் எண்ணிக்கைக்கு முன்னால் ‘எத்தனை ரகம்?’ என்று பாருங்கள். சிறிய நிறுவனம் ஒரே நாளில் மூன்று ரகம் வாங்கினால் கவலைப்பட வேண்டியது அதன் பங்குதாரர்கள்.

வாங்கும் நேரமும் முக்கியம். தயாரிப்பாளர் தள்ளாடும்போது வாங்கினால் விலையும் நல்லது, விமானமும் சீக்கிரம் வரும். மேக்ஸ் விமானங்கள் விற்காமல் தேங்கியிருந்த 2021-இல் துபாயில் ஆகாசா ஏர் 72 ஆர்டர் செய்தது. ஏழே மாதத்தில், 2022 ஜூனில், முதல் விமானம் வந்துவிட்டது. 2023 பாரிஸில் இண்டிகோ வாங்கிய 500-க்கு டெலிவரி 2030 முதல் 2035 வரை. இரண்டாவதில் வாங்கப்பட்டது வரிசையில் ஒரு நல்ல இடம். போட்டியாளருக்கு அந்த இடம் கிடைக்காமல் செய்ததும் சேர்த்துத்தான்.

கேள்வி: விற்றுத் திரும்பக் குத்தகைக்கு எடுக்கும் முறை என்கிறார்களே, அதை எளிமையாக விளக்க முடியுமா?

பதில்: ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம். மொத்தமாக வாங்கியதால் ஒரு விமான நிறுவனத்துக்கு விமானம் 50 மில்லியன் டாலருக்குக் கிடைக்கிறது. சந்தையில் அதே விமானம் தனியாக 54 மில்லியன் போகும். டெலிவரி நாளன்றே அதைக் குத்தகை நிறுவனத்துக்கு 54-க்கு விற்று, அதே விமானத்தை ஆறு அல்லது எட்டு ஆண்டுக்கு மாத வாடகைக்கு எடுத்துக்கொள்கிறார்கள். கட்டிய தவணைப் பணம் திரும்பி வருகிறது, மேலே நான்கு மில்லியன் ரொக்கமும் கிடைக்கிறது. விமானம் பழசானால் அதன் மதிப்பு என்ன ஆகும் என்ற கவலை குத்தகைக்காரருடையது.

சிக்கல் எங்கே? வாடகை டாலரில், டிக்கெட் விற்பது உள்நாட்டு நாணயத்தில். நாணயம் சரிந்தால் மாதாமாதம் வலிக்கும். அந்த நான்கு மில்லியனும் முழுக்க லாபமில்லை. அதிக விலைக்கு வாங்கியவர் அதற்கேற்ற வாடகை கேட்பார். புதிய விமானங்கள் வந்துகொண்டே இருந்தால்தான் இந்த வரவு தொடரும். டெலிவரி தாமதமானால் ரொக்கம் வறளும்.

பெரிய தலைவலி கடைசியில் காத்திருக்கிறது. திருப்பிக் கொடுக்கும்போது விமானம் ஒப்பந்தத்தில் எழுதிய நிலையில் இருக்க வேண்டும். பெரிய பராமரிப்புச் சோதனை முடிந்திருக்க வேண்டும், எஞ்சினில் இத்தனை சுற்று (ஒரு புறப்பாடும் ஒரு தரையிறக்கமும் சேர்ந்தது ஒரு சுற்று) ஆயுள் மிச்சமிருக்க வேண்டும். ஆயுள் வரம்புள்ள ஒவ்வொரு எஞ்சின் பாகத்துக்கும் அது தயாரான நாளிலிருந்து எந்த விமானத்தில் எத்தனை சுற்று ஓடியது என்ற ஆவணம் தொடர்ச்சியாக இருக்க வேண்டும். இடையில் ஒரு தாள் காணாமல் போனால் அந்தப் பாகம் நன்றாகவே இருந்தாலும் மதிப்பிழந்துவிடும். ஆவணம் சரியாகும்வரை வாடகை ஓடிக்கொண்டிருக்கும், விமானம் பறக்காமல் நிற்கும். குத்தகை முடிய ஒரு வருடம் முன்பே இதற்கென்று தனிக் குழு போடாத நிறுவனம் நன்றாக மாட்டிக்கொள்ளும்.

கேள்வி: ஆர்டர் மலை போலக் குவிந்திருக்கிறது. விமானம் மட்டும் ஏன் வரமாட்டேன் என்கிறது?

பதில்: ஏர்பஸ் 2024 முடிவில் 8,600-க்கு மேல் விமானங்களைக் கையில் பாக்கி வைத்திருந்தது. அந்த ஆண்டு அது கொடுத்தது 766. வகுத்துப் பார்த்தால் பதினோரு ஆண்டுக்கு மேல். 2018-இல் 806 விமானம் கொடுத்த போயிங் 2024-இல் கொடுத்தது 348. அந்த ஜனவரியில் அலாஸ்கா ஏர்லைன்ஸின் 737-9 விமானத்தில் கதவை அடைக்கும் பலகை நடுவானில் பிய்த்துக்கொண்டு போனதும், மாதம் 38-க்கு மேல் 737 மேக்ஸ் செய்யக்கூடாது என்று அமெரிக்க ஒழுங்குமுறை அமைப்பு தடுத்தது. பிறகு வேலைநிறுத்தமும் வந்தது.

ஆனால் தொழிற்சாலையைவிடப் பெரிய முட்டுக்கட்டை எஞ்சின். கண்காட்சியில் விமான ஆர்டருக்குக் கிடைக்கும் வெளிச்சத்தில் பாதிகூட எஞ்சின் ஆர்டருக்குக் கிடைப்பதில்லை. ஏ320நியோ வாங்குபவர் சிஎஃப்எம் லீப், பிராட் அண்ட் விட்னி ஜிடிஎஃப் இரண்டில் ஒன்றைத் தனி ஒப்பந்தத்தில் தேர்ந்தெடுக்கிறார். 2019 பாரிஸ் கண்காட்சியின்போது இண்டிகோ 280 விமானங்களுக்கு லீப் எஞ்சினைத் தேர்ந்தெடுத்தது. அதுவரை அந்த நிறுவனம் பிராட் அண்ட் விட்னியின் வாடிக்கையாளர்.

எஞ்சினைக் குறைந்த விலைக்குத் தள்ளிவிட்டு, பிறகு உதிரிபாகத்திலும் பராமரிப்பிலும் சம்பாதிப்பதுதான் எஞ்சின் தயாரிப்பாளரின் வியாபாரம். எனவே பறக்கும் மணிக்கு இவ்வளவு என்ற பராமரிப்பு ஒப்பந்தத்தின் நிபந்தனைகள், விலையைவிட முக்கியம். எந்தப் பழுது அதில் அடங்கும், எது அடங்காது, எஞ்சின் பட்டறையில் இருக்கும்போது மாற்று எஞ்சின் யார் தருவது என்பதையெல்லாம் எழுதி வாங்க வேண்டும். பொருத்தும் எஞ்சின்களில் பத்தில் ஒரு பங்காவது உபரியாக வைத்திருப்பது விவேகம். அந்தச் செலவை மிச்சப்படுத்த நினைத்தவர்கள் பின்னால் கையைப் பிசைந்தார்கள்.

2023 ஜூலையில் ஜிடிஎஃப் எஞ்சினில் வெளியான கோளாறு நல்ல பாடம். எஞ்சின் வட்டுகள் செய்யப் பயன்படுத்திய உலோகத் தூளில் நுண்ணிய மாசு கலந்திருந்தது. அதனால் அந்த வட்டுகளில் எதிர்பார்த்ததற்கு முன்பே விரிசல் விழலாம். எஞ்சினை இறக்கி, பிரித்து, மீயொலி அலையால் சோதிப்பதைத் தவிர வேறு வழியில்லை. பிராட் அண்ட் விட்னியின் தாய் நிறுவனமான ஆர்டிஎக்ஸ் அந்த செப்டம்பரில் சொன்ன கணக்கு: கூடுதலாக 600 முதல் 700 எஞ்சின்கள் பட்டறைக்கு வர வேண்டும், ஒவ்வொன்றுக்கும் 300 நாள் வரை ஆகலாம், 2026 வரை சராசரியாக 350 விமானங்கள் தரையில் நிற்கும். இந்தத் தூள் விவகாரம் வெடிப்பதற்கு முன்பே, அந்த மே மாதம், கோ ஃபர்ஸ்ட் நிறுவனம் அதே எஞ்சின்களின் பழுதைக் காரணம் காட்டி திவால் மனு போட்டிருந்தது.

பழைய விமானங்களுக்கு மாற்று எஞ்சின் போனால் புதிய விமானங்களுக்குக் குறையும். 2025-இன் நடுவில் ஏர்பஸ் வளாகத்தில் 60 விமானங்கள் உடல் முழுசாக முடிந்து, எஞ்சின் மட்டும் இல்லாமல் நின்றன. தொழிலில் அவற்றுக்கு ‘கிளைடர்’ என்று பெயர்.

பெரிய விமானங்களில் சீட் இன்னொரு தடங்கல். உயர் வகுப்புக்குக் கதவும் படுக்கையும் வைத்த சீட்டை விமான நிறுவனமே தனியாக வாங்கிக் கொடுக்கும் வழக்கம் உண்டு. ஒவ்வொரு புது வடிவமைப்பும் 16 மடங்கு ஈர்ப்பு விசைக்குத் தாக்குப்பிடிக்கும் மோதல் சோதனையில் தேற வேண்டும். தேறவில்லையென்றால் 300 மில்லியன் டாலர் விமானம் சீட்டுக்காகக் காத்து நிற்கும். அந்தத் தாமதத்துக்குத் தயாரிப்பாளர் அபராதம் கட்டமாட்டார், ஏனென்றால் சீட் உங்கள் பொறுப்பு. தனித்துவமான சீட் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்கள் இந்த வரியை ஒப்பந்தத்தில் இரண்டு முறை படிப்பது நல்லது.

கேள்வி: ஆர்டரை ரத்து செய்தால் முன்பணம் போய்விடுமா? தயாரிப்பாளர் தாமதித்தால் என்ன தண்டனை?

பதில்: சட்டப்படி முன்பணம் போகும். நடைமுறையில் அந்த எல்லைக்குப் போவதை இருவரும் விரும்புவதில்லை. டெலிவரியைத் தள்ளிப்போடுவது, ரகத்தை மாற்றுவது, எண்ணிக்கையைக் குறைத்துக் கட்டிய பணத்தை மீதி விமானத்துக்கு ஈடுகட்டுவது என்றே தீர்வு வரும். ஏர்ஏஷியா எக்ஸ் நூறு ஏ330நியோ வரை ஆர்டரை உயர்த்தியிருந்தது. பெருந்தொற்றுக்குப் பின் வந்த சீரமைப்பில் அது 15 ஆகச் சுருங்கியது, கூடவே 20 ஏ321எக்ஸ்எல்ஆர். எமிரேட்ஸ் 2007 துபாய் கண்காட்சியில் வாங்கிய 70 ஏ350-ஐ 2014-இல் மொத்தமாக ரத்து செய்தது. பிறகு 2019-இல் அதே துபாயில் 50 ஏ350 வாங்கியது. கோபமெல்லாம் ஒரு கண்காட்சி, இரண்டு கண்காட்சிதான்.

நிறுவனமே மூடிவிட்டால் பேச ஆளில்லை. ஜெட் ஏர்வேஸ் 2015 துபாயில் 75 மேக்ஸ் வாங்கியது, 2019 ஏப்ரலில் பறப்பதை நிறுத்தியது. இப்படி நடக்கும் என்று தெரிந்தே தயாரிப்பாளர்கள் டெலிவரி இடங்களைக் கொஞ்சம் கூடுதலாக விற்று வைப்பார்கள், விமான நிறுவனங்கள் சீட்டை விற்பது போலவே.

மறுபக்கம், தாமதத்துக்கு ஒப்பந்தத்தில் நாள் கணக்கில் இழப்பீடு இருக்கும், அதற்கு ஓர் உச்சவரம்பும் இருக்கும். குறிப்பிட்ட காலத்துக்கு மேல் போனால் (பெரும்பாலும் ஓராண்டு) வாங்குபவர் பணத்தைத் திரும்பப் பெற்று விலகலாம். இயற்கைச் சீற்றம், போர், அரசுத் தடை போன்றவை ‘மன்னிக்கத்தக்க தாமதம்’ என்ற பட்டியலில் வந்துவிடும். எது அந்தப் பட்டியலில் சேரும் என்பதில்தான் வழக்கறிஞர்களுக்கு வேலை. மேக்ஸ் தரையில் நின்றபோது வாடிக்கையாளர்களுக்குத் தர வேண்டிய ஈட்டுக்காகப் போயிங் 2019 ஜூலையில் ஒரே காலாண்டில், வரி போக 4.9 பில்லியன் டாலரைச் செலவாகக் காட்டியது. அந்த ஈட்டில் பெரும்பகுதி ரொக்கமாக வராது. அடுத்த ஆர்டரில் தள்ளுபடி, உதிரிபாகம், பயிற்சி என்று வரும். அடுத்த கண்காட்சியில் ‘நம்பிக்கை தெரிவித்து ஆர்டர்’ என்று நீங்கள் படிப்பதில் சில இப்படி முளைத்தவைதான்.

கேள்வி: ஏர்பஸ், போயிங் இந்த இரண்டு பேரைத் தவிர மற்றவர்களுக்குக் கண்காட்சியில் ஏதாவது மிஞ்சுகிறதா?

பதில்: மிஞ்சுகிறது, ஆனால் கஷ்டப்பட்டு. கனடாவின் பம்பார்டியர் தயாரித்த சி சீரிஸ் நல்ல விமானம். ஆர்டருக்காகக் கண்காட்சி கண்காட்சியாக அலைந்தது. 2018 ஜூலையில் ஏர்பஸ் அதைத் தன் கையில் எடுத்து ஏ220 என்று பெயர் மாற்றிய அதே வாரம், ஜெட்புளூ 60 வாங்கியது. விமானம் அதேதான். பின்னால் நிற்பவர் இருபது வருடம் கழித்தும் உதிரிபாகம் தருவாரா என்ற கேள்விக்குத்தான் பதில் மாறியது. சீனாவின் சி919, 2024 சிங்கப்பூர் கண்காட்சியில் முதன்முறையாகச் சீனப் பகுதிக்கு வெளியே வந்தது. அங்கே 40 ஆர்டர் கொடுத்த திபெத் ஏர்லைன்ஸும் சீன நிறுவனமே.

கேள்வி: கண்காட்சியில் பயணிகள் விமானம் ராக்கெட் மாதிரிச் செங்குத்தாக ஏறுகிறதே, அது பாதுகாப்பானதா?

பதில்: பயணி இல்லை, சாமான் இல்லை, எரிபொருளும் சில நிமிடப் பறப்புக்கும் கையிருப்புக்கும் மட்டும். எடை வெகுவாகக் குறைந்திருக்கும். எஞ்சின் விசை அதேதான். அதனால் செங்குத்து போலத் தெரியும், உண்மைக் கோணம் அவ்வளவு இல்லை. ஒவ்வொரு சுற்றும் முன்கூட்டியே ஒத்திகை பார்த்து, கண்காட்சியின் பறத்தல் குழுவிடம் ஒப்புதல் பெற்றது. அப்படியும் ஆபத்து அறவே இல்லை என்று சொல்ல முடியாது: 1973 பாரிஸில் சோவியத் பயணிகள் விமானம் டியூ-144 விழுந்து விமானத்தில் ஆறு பேரும் தரையில் எட்டுப் பேரும் இறந்தார்கள். 2025 துபாயில் தேஜஸ் போர் விமானம் விழுந்து விமானி உயிரிழந்தார்.

கேள்வி: அங்கே நிறுத்தி வைத்திருக்கும் விமானங்கள் விற்பனைக்கா?

பதில்: இல்லை. பெரும்பாலானவை தயாரிப்பாளரின் சோதனை விமானங்கள், அல்லது வாடிக்கையாளரிடமிருந்து சில நாளுக்கு இரவல் வாங்கியவை. 2011 பாரிஸில் பறந்து காட்ட வந்த ஏ380, கண்காட்சி தொடங்குமுன் தரையில் ஊர்ந்து போகும்போது இறக்கை நுனியை ஒரு கட்டடத்தில் இடித்துக்கொண்டது. ஏர்பஸ் அவசரமாகக் கொரியன் ஏருக்குரிய ஏ380 ஒன்றைக் கேட்டு வாங்கிப் பறக்கவிட்டது. அந்த வாரம் ஏர்பஸ் 730 விமானங்களுக்கு ஆர்டரும் ஒப்புதல்களும் அள்ளியது, பெரும்பாலானவை ஏ320நியோ. இறக்கை ஒடிந்த விமானத்தை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை.